வாசம் தெரியாதவன்

போடிமெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோருக்கு மேஸ்திரி திருப்பதி. காய் பதமாகிவிட்டதா, கருகப் போகிறதா என்பதை அவன் கண்ணால் பார்ப்பதில்லை. கதவருகே நின்று மூக்காலேயே சொல்லிவிடுவான். அப்பேர்ப்பட்டவனுக்கு மகன் ஈஸ்வர் ஒரு பெரிய தலையிறக்கம். பத்தொன்பது வயசாகியும் அரும்பு மீசை இல்லை, குரல் உடையவில்லை. ஜீப்பில் ஏறினால், "தள்ளி உக்காருங்கடி, தங்கச்சி வருது" என்று பொம்பளைகளே சிரிப்பார்கள். சிரிப்பு மகனைப் பார்த்து. வயிறு எரிவது அப்பனுக்கு.

அன்றைக்கு மத்தியானம் ஜீப்பில் விறகு லோடு வந்தது. "அடுப்பைப் பாத்துக்கடா. காந்துற வாசம் வந்தா வெரசா தீயை இழுத்துப் போடு" என்று மகனிடம் சொல்லிவிட்டுத் திருப்பதி இறக்கப் போனான். பாதி லோடு இறங்கவில்லை, கருகல் வாடை முற்றத்துக்கே வந்துவிட்டது. ஓடிவந்து கதவைத் திறந்தால் தட்டுத்தட்டாக அத்தனை பச்சைக் காயும் பழுப்பேறிக் கிடக்கிறது. இவன் பாட்டுக்கு வாசல்படியிலேயே முழிச்ச கண்ணோடு உட்கார்ந்திருக்கிறான்!

"மூக்கு அவிஞ்சு போச்சாடா ஒனக்கு?"

"எனக்கு எந்த வாசமும் தெரியாதுப்பா. சின்னதுல இருந்தே தெரியாது. எல்லாரும் சும்மா சொல்றாங்கன்னு நெனச்சேன்."

கேலி பண்ணுகிறான் என்றுதான் திருப்பதிக்குப் பட்டது. கைக்கு அகப்பட்ட விறகுக் கட்டையை எடுத்தான். முதல் அடி காய்க்காக விழுந்தது. அதற்கப்புறம் விழுந்ததெல்லாம் ஜீப்பில் கேட்ட அந்தத் 'தங்கச்சி'க்காக. "ஆம்பளையாடா நீ? சொல்லுடா, ஆம்பளையா?" என்று கேட்டுக் கேட்டு விலாவிலும் இடுப்பிலும் சாத்தினான். பொண்டாட்டி அன்னக்கொடி ஓடிவந்து மகன்மேல் விழுந்தாள். அவள் மண்டையில் ஒன்று இறங்கி ரத்தம் வழிந்த பிறகுதான் கட்டை கீழே போனது.

ஈஸ்வர் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு ஒன்றுக்குப் போனான். போனது அத்தனையும் ரத்தம். "அய்யோ, கொன்னுட்டியேடா பாவி!" என்று அன்னக்கொடி போட்ட கூச்சலில் ஜீப்புக்காரர் விறகை அப்படியே தள்ளிவிட்டு வண்டியைத் திருப்பினார். வளைவுக்கு வளைவு பையன் முனகினான். திருப்பதி பின்சீட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தான்.

போடியில் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா வயசைக் கேட்டார், உடம்பைப் பார்த்தார், பிறகு, "தம்பி, உனக்கு வாசனை தெரியுமா?" என்றார். திருப்பதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஸ்டோரில் நடந்ததை இந்த அம்மாவுக்கு யார் சொன்னது? கேட்டேவிட்டான்.

"யாரும் சொல்லலை. இது ஒரு பிறவிக் குறை" என்றார் அவர். "வாசனை அறியுற நரம்பும், வயசுக்கு வரச் சொல்லி மூளையில இருந்து உத்தரவு அனுப்புற அணுக்களும் கருவுல ஒண்ணாத்தான் உருவாகும். இவனுக்கு ரெண்டும் சரியா அமையலை. உத்தரவு போகாததால உடம்பு அப்படியே நின்னுபோச்சு. சோம்பேறித்தனமும் இல்ல, பொட்டத்தனமும் இல்ல. ஊசி போட்டா குரல் மாறும், மீசை வரும். பதினாலு பதினஞ்சு வயசுல கூட்டிட்டு வந்திருக்கலாமே?"

ஈஸ்வர் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான். ரத்தமில்லாத அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போதும் சிரித்துக்கொண்டே போனான்.

படம் வந்ததும் டாக்டரம்மா புருசன் பொண்டாட்டி இருவரையும் வெளியே கூப்பிட்டார். "இந்தக் குறை உள்ள சிலபேருக்குப் பிறக்கும்போதே ஒரு கிட்னிதான் இருக்கும். இவனுக்கும் ஒண்ணுதான். அது ரெண்டா கிழிஞ்சிருக்கு. பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டு போகணும். அதைக் காப்பாத்த முடியுமான்னு எனக்குத் தெரியலை."

"என்னுதை எடுத்துக்கங்கம்மா. ரெண்டையும் எடுத்துக்கங்க" என்று திருப்பதி அவர் காலில் விழுந்தான். அன்னக்கொடி அவனைப் பார்க்கக்கூட இல்லை.

ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். மகனிடம் இன்னும் யாரும் எதுவும் சொல்லவில்லை. திருப்பதி ஒடுங்கி உட்கார்ந்து அவன் காலைப் பிடித்துக்கொண்டான்.

"அழாதப்பா" என்றான் ஈஸ்வர், அந்த மெல்லிய குரலில். "நீ அடிச்சதும் நல்லதாத்தான் போச்சு. இல்லைன்னா இங்க வந்தே இருக்க மாட்டோம்ல?"