சிவப்புக் காருக்கு ஓர் இரங்கல் தாள்

1.
இந்தக் கதை என் கெட்டிக்காரத்தனத்தில் பிறந்தது. பல்கேரியாவில் எங்கள் ஊர் நகராட்சிக்கு விளம்பரம் எழுதுவது என் பிழைப்பு. புகை கக்கும் பழைய காரை ஒப்படைத்தால் இலவச பஸ் பாஸ்; அதை ஊருக்குச் சொல்ல வேண்டும்.

2.
முதல் வரி: ‘கார் இருமிக்கொண்டே வந்து…’ (அடித்து நீக்கிவிட்டேன். இருமியது கார் இல்லை, எதிர் பிளாக் மெதோதியின் மனைவி ஸ்லாவ்கா.)

“கலோயன், காரக் குடுத்துட்டா இவள ஆஸ்பத்திரிக்கு எதுலடா கூட்டிட்டுப் போவேன்?” என்று என்னிடம் கேட்டார் மெதோதி.

“பஸ் இருக்குல்லண்ணே. அண்ணி இருமலே உங்க கார்ப் புகையாலதான்.”

(இதற்கு என்னிடம் ஆதாரம் கிடையாது. வாக்கியம் நன்றாக இருந்தது.)

ஸ்லாவ்கா சிரித்தாள். “குடுத்துத் தொலைங்க. என்னைவிட அதைத்தான் நல்லா தொடைச்சு வச்சிருக்கீங்க.”

3.
எங்கள் ஊரில் யார் இறந்தாலும் படம் போட்டு, கறுப்புக் கட்டம் கட்டி, வாசலிலும் பஸ் நிறுத்தத்திலும் தாள் ஒட்டுவோம். மெதோதி காரை ஒப்படைத்ததும், நான் அந்தத் தாளைக் காருக்கு, அதன் படத்தோடு அடித்தேன். ‘மெதோதியின் சிவப்புக் கார். முப்பது வருடம் ஊரையே இரும வைத்துவிட்டு மறைந்தது. உங்களுடையது எப்போது?’ ஊரே சிரித்தது. மேலதிகாரி கை குலுக்கினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

4.
அந்தக் குளிரில் இரண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த ஸ்லாவ்கா பிப்ரவரியில் இறந்துபோனாள். மெதோதியிடம் அவளுடைய நல்ல படம் ஒன்றுதான் இருந்தது. அதில் அவள் சிவப்புக் காரின்மேல் சாய்ந்து சிரிக்கிறாள். அதைப் போட்டுத் தாள் ஒட்டினார்.

“இங்க பாருடி, அடுத்த விளம்பரம்! இப்பப் பொண்டாட்டியையும் சேத்துட்டாங்க.” பஸ் நிறுத்தத்தில் இரண்டு பெண்கள்.

நானும் பார்த்தேன். என்னைக் கேட்காமல் இரண்டாவது விளம்பரமா என்று அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

அடக்கத்துக்கு யாரும் போகவில்லை. சாயங்காலம் மெதோதி, வந்தவர்களுக்குக் கொடுக்க வேண்டிய அவித்த கோதுமையைச் சட்டியோடு என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். “அப்படியே மிஞ்சிப்போச்சு. நீயாவது தின்னு.”

5.
முடிவு (அ): அவர் என்னை அறைகிறார். (ஆ): மன்னிக்கிறார். இரண்டில் எது நடந்திருந்தாலும் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் கேட்டது வேறு. “நாப்பதாம் நாளுக்கும் தாள் ஒட்டணும். நீதான் நல்லா எழுதுவியே. ஜனம் நம்பற மாதிரி எழுதிக் குடுடா.”

‘ஸ்லாவ்கா உண்மையாகவே இறந்துவிட்டாள்’ என்று எழுதிப் பார்த்தேன். அதுவும் விளம்பரமாகத்தான் இருக்கிறது. கறுப்புக் கட்டத்தை மட்டும் போட்டுக் காலியாக வைத்திருக்கிறேன். நீங்கள் எழுதிக் கொடுங்கள். நாற்பதாம் நாள் இந்த வியாழக்கிழமை.