கஞ்சா மாமாவின் விதைகள்

முதல் தடவை தண்ணீரை இழுத்துவிட்டபோது பாதிதான் போயிற்று. கறுத்த விதைகள் சில சுற்றிச் சுற்றி மிதந்தன. தொட்டி மறுபடி நிரம்பும்வரை தங்கை கக்கூஸ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டாம் தடவையில் எல்லாம் போய்விட்டது. வெறும் குப்பியைத் துணியில் சுற்றிக் குப்பைக் கூடையின் அடியில் திணித்தாள்.

முன்னறையில் அண்ணனைக் கிடத்தியிருந்தார்கள். விடிகாலையில் உயிர் போயிருந்தது. அரை மணியில் அவளுடைய சம்பந்தி வந்துவிடுவார். மனிதர் ரிடையரான போலீஸ் இன்ஸ்பெக்டர். அண்ணனுக்குப் போட நல்ல சட்டை தேடி அலமாரியைத் திறந்தபோதுதான் அந்தக் குப்பி அவள் கண்ணில் பட்டது. ஒட்டியிருந்த சீட்டில் அண்ணனின் மணிமணியான கையெழுத்து, நான்கு வரி. ‘கஞ்சா’ என்ற முதல் வார்த்தைக்கு மேல் அவள் படிக்கவில்லை.

அண்ணனுக்கு மியூசியத்தில் வேலை. பழைய கல்லறைகளிலிருந்து வரும் மண்ணைச் சலித்து, கிடைக்கிற விதை இன்னதென்று சொல்வார். முப்பது வருஷமாக ஒரே செடியைக் கட்டிக்கொண்டு மாரடித்தார், கல்யாணம்கூடப் பண்ணிக்கொள்ளவில்லை. பீடிப் புகை பட்டாலே இருமுகிற மனிதருக்குக் குடும்பத்தில் ‘கஞ்சா மாமா’ என்று பெயர். விசேஷ வீடுகளில் யாராவது வாயைக் கிளறிவிட்டால் போதும்.

“அந்தக் காலத்துல அது சாமிக்குப் போட்ட புகைங்க. பலிபீடத்துல எரிச்சிருக்காங்க. வேதத்துல துன்பம் தீர்க்கிற செடிகள்ல ஒண்ணுன்னு சொல்லியிருக்கு. ஒரு ஊர்ல செத்தவன் நெஞ்சு மேல முழுச் செடியையே போர்வையாட்டம் போர்த்தி அனுப்பியிருக்காங்க.”

“அண்ணா, மானத்தை வாங்காதீங்க” என்று தங்கை சட்டையைப் பிடித்து இழுப்பாள். சம்பந்தி வீட்டில் அவள் சொல்லிவைத்திருந்தது தானிய ஆராய்ச்சி என்று.

சம்பந்தி வந்தார். தலைகுனிந்து நின்றார். “நெல்லு, கோதுமைன்னு எவ்வளவு பாடுபட்டிருப்பார்!” என்றார். அவள் தலையாட்டினாள்.

பின்னாலேயே மியூசியத்திலிருந்து அண்ணனின் மேலதிகாரியும் உதவியாளப் பெண்ணும் வந்தார்கள். அந்தப் பெண் அழுது முடித்து, தங்கையைத் தனியே கூப்பிட்டாள்.

“அக்கா, சார் அலமாரியில ஒரு குப்பி இருக்கும். நடக்க முடியாமப் போனதும் ஆபீஸ்ல சொல்லி இங்க வரவழைச்சுக்கிட்டார். அதைத் திருப்பி எடுத்துட்டுப் போகணும்.”

“என்னம்மா அது?”

“ஒரு அம்மாவோட கல்லறையில கிடைச்சது. ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷம் ஆச்சு. கரிஞ்ச மரத்தட்டு ஒண்ணு, பக்கத்துல ஒரு கை விதை. அவங்களை வழியனுப்ப யாரோ வச்சிருக்காங்க. யாரா இருக்கும், மகளா, தங்கச்சியான்னு சார் கடைசி வரைக்கும் அதையேதான் கேட்டுக்கிட்டிருந்தார்.”

தங்கை கக்கூஸ் கதவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண்ணே போய் அலமாரியில் தேடிவிட்டு, வாசலில் நின்ற மேலதிகாரியிடம் காணோம் என்றாள்.

“கடைசியில வலி தாங்காம அவரே புகைச்சுட்டாரோ என்னவோ” என்றார் அவர், மெதுவாகத்தான். பக்கத்தில் இரண்டு பேர் உதட்டுக்குள் சிரித்தார்கள்.

தங்கை வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. ஆனால் விளையாட்டுக்கு வைத்த பெயர் இன்றைக்கு அண்ணன் மேல் நிஜமாகவே ஒட்டிக்கொண்டுவிடும். இனி வந்து இல்லை என்று சொல்ல அவரும் இல்லை. அவள் வாசலுக்குப் போனாள்.

“நான்தான் கொட்டினேன்” என்றாள். “கஞ்சான்னு எழுதியிருந்துச்சு. சம்பந்தி பார்த்துடப் போறாரேன்னு பயந்து கக்கூஸ்ல கொட்டிட்டேன். எங்க அண்ணன் பீடியைக்கூடத் தொட்டதில்ல. நெல்லும் இல்ல, கோதுமையும் இல்ல. முப்பது வருஷமா அவர் படிச்சது இதைத்தான். சொல்ல வெக்கப்பட்டது நான்தான்.”

சம்பந்தி அவளையே பார்த்தார். அப்புறம் குனிந்து பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டினார்.

“எந்தக் கக்கூஸ்?”

“எல்லாம் போயிடுச்சுங்க.”

“பதட்டத்துல கொட்டினா கொஞ்சம் சிந்தாம இருக்காதும்மா. சர்வீஸ்ல இதைத் தேடாத இடம் இல்ல.”

ஈரத் தரையில் மண்டியிட்டார். மேலதிகாரி செல்போன் வெளிச்சம் பிடித்தார். வாளியை நகர்த்தி, ஓடுகளின் இடுக்கை நகத்தால் கீறிக்கொண்டே போனவர், சுவரோரம் வந்ததும் நின்றார். உள்ளங்கையை நீட்டினார். மிளகைவிடச் சின்னது, கறுப்பு.

“இதுவா பாரும்மா.”

உதவியாளப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு ஆமென்று தலையசைத்தாள். சம்பந்தி கையை மூடவில்லை, அசைக்கவும் இல்லை.

முன்னறையிலிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள். “வண்டி வந்தாச்சு. எடுத்துடலாமா?”

“கொஞ்சம் இருக்கச் சொல்லுங்க” என்றாள் தங்கை. அவளும் மண்டியிட்டு, அடுத்த ஓட்டின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.