ஓட்டைக் கை வேம்பு

"மாமா, அந்தப் பந்து கோல்கீப்பர் கிட்ட வர்றதுக்கு முன்னாடி உங்களைத் தாண்டித்தானே வந்துச்சு?"

ஷண்முகப்ரியா ஆறு வயதில் கேட்ட கேள்வி இது. அக்கா மகள் என்பதால் கருணாகரன் அதட்டவில்லை. ஒரு பொட்டலம் வேர்க்கடலை வாங்கிக் கொடுத்து வாயை அடைத்துவிட்டார். அதற்குப் பிறகு முப்பத்துமூன்று வருடம் ஓடிவிட்டது. கேட்டவள் இப்போது மேற்கு மாம்பலத்தில் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். கேட்டதே அவளுக்கு நினைவில்லை. பதில் சொல்ல வேண்டியவருக்குத்தான் மறக்கவில்லை. கடவுள் சில கேள்விகளைக் குழந்தையின் வாயில் வைத்து அனுப்புகிறார். பதிலுக்கு அவர் அவசரப்படுத்துவதும் இல்லை.

தென்கரை பிரதர்ஸ் என்பது அடையாற்றுக்குத் தெற்கே இருக்கும் ஒரு கால்பந்துக் கழகம். இரண்டாம் டிவிஷனில் ஆடுகிறது. அதன் மைதானத்தில் ஆறே ஆறு சிமெண்டுப் படிகள் உண்டு. அந்தப் படிகளில் உட்காருகிறவர்களுக்குக் கால்பந்தைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை. இந்த வருடம் அவர்கள் நாக்குக்கு நல்ல தீனி கிடைத்திருந்தது. ஐந்து ஆட்டத்தில் ஐந்து தோல்வி, வாங்கிய கோல் பதினான்கு.

"டிஃபென்ஸா அது? கிண்டி ஸ்டேஷன் படிக்கட்டு நைனா. எவன் வேணா ஏறிக்கினு, எவன் வேணா எறங்கிக்கினு கீறான்" என்றான் தௌஃபீக். மந்தைவெளியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன்.

பாண்டி பஜார் பக்கம் பாத்திரக்கடை நடத்தும் வெங்கடேஷ், தன் கடையில் பூட்டில்லாத ஷட்டர்கூட இதைவிட நன்றாகக் காவல் காக்கும் என்றார். மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கும் சாய்சரண் ஐரோப்பாவின் எல்லா லீக்கையும் பார்ப்பவன். அவன் செல்போனில் கோடு கோடாகக் கிழித்து, தடுப்பாட்டக்காரர்கள் நான்கு பேரும் நான்கு ஊரில் நிற்பதாக நிரூபித்தான்.

நான்கு பேரில் இரண்டு பேரும் கோல்கீப்பரும் புதியவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இடது பேக்குக்குக் கணுக்கால், வலது பேக்குக்குத் தொடைத் தசை, முதல் கோல்கீப்பருக்கு விரல் முறிவு. அடிபடுவது யார் குற்றமும் இல்லை என்று படிக்கட்டே பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டிருந்தது. பொறுக்க முடியாதது வேறு. அணியின் ஸ்டாப்பர், அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுப்பவன், சின்னப்பையன். பெயர்தான் அப்படி, ஆள் ஆறடி. ஊரூர் ஒல்காட் குப்பத்துக்காரன். பூட்ஸ் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஐந்து ஆட்டமாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவன் இடத்தில் கோச் வேம்பு, ஓரத்தில் ஓடி முன்னேறும் ஒரு விங்கரை நிறுத்தியிருந்தார். ஏன் என்று கேட்டால், "இன்னிக்கு அவன் வேண்டாம்னு தோணித்து" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

"தோணித்தாம்" என்று படிக்கட்டு சிரித்தது.

அன்று தௌஃபீக் ஒரு புதுச் செய்தி கொண்டுவந்திருந்தான். காலை ஆறு மணிக்குக் குப்பத்து மீன்கடையில் வேம்புவைத் தன் கண்ணால் பார்த்தானாம். நெற்றியில் விபூதி, கையில் டிபன் கேரியர். மயிலாப்பூரில் கோயில் நிழலிலேயே வளர்ந்த மனுஷன், அமாவாசைக்கு வெங்காயம்கூடத் தொடாதவர். தோற்ற துக்கத்தில் வஞ்சிரத்துக்கு மாறிவிட்டார் என்று அவன் சொன்னபோது வெங்கடேஷுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

எல்லாருடைய பேச்சுக்கும் முத்திரை வைப்பது கருணாகரன்தான். ஒரு காலத்தில் இதே அணியின் ஸ்டாப்பர். விளையாட்டுக் கோட்டாவில் அரசு அலுவலகத்தில் வேலை கிடைத்து, போன வருடம் ஓய்வு பெற்றவர்.

"அப்ப அவன் கையில மட்டும் ஓட்டை இருந்துச்சு. இப்ப டீம் முழுக்க ஓட்டை போட்டுட்டான்" என்றார்.

ஆறு படியும் அதிர்ந்தது. அந்தச் சிரிப்பு அவருக்குக் குளிருக்குப் போர்த்திய சால்வை மாதிரி இருந்தது. 'ஓட்டைக் கை வேம்பு' என்ற பெயரை முப்பத்துமூன்று வருடத்துக்கு முன்னால் வைத்தவரே அவர்தான். அதை ஏன் வைத்தார் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

சிரிப்போடு விடவில்லை. கழகத்தின் ஆயுள் உறுப்பினர்கள் அறுபது பேர். மூன்றில் ஒரு பங்கு, அதாவது இருபது பேர் கையெழுத்திட்டுக் கொடுத்தால் கோச்சை நீக்குவது பற்றிக் கமிட்டி கூடியே ஆக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலைக்குள் கொடுக்க வேண்டும். தவறினால் இந்த சீசனுக்குக் கிடையாது. வெங்கடேஷ் புது கோச்சைக்கூடப் பேசி வைத்துவிட்டார். வந்த முதல் நாளே சின்னப்பையனை இறக்குவதாக அந்த ஆள் வாக்குக் கொடுத்திருந்தார். மனுவை எழுதியவர் கருணாகரன். முதல் கையெழுத்தும் அவருடையதே. முத்துமுத்தான, பெரிய கையெழுத்து. அதன் கீழே மற்றவர்கள் போட்டுப் போட்டு, புதன்கிழமை சரியாக இருபது ஆயிற்று.

"இருபது போதும். ஆனா எவனாவது கடைசியில கால வாரிட்டா? எதுக்கும் இன்னொண்ணு வாங்கி வைங்க அண்ணாச்சி" என்றார் வெங்கடேஷ்.

அந்த இன்னொன்றுக்காகத்தான் வியாழக்கிழமை விடிந்ததும் கருணாகரன் குப்பத்துக்குப் போனார். மீன் விற்கும் சுலோச்சனாவின் கணவர் அந்தக் காலத்தில் அணியின் வலது பேக். அவர் இறந்த பிறகு உறுப்பினர் உரிமை அவளுக்கு வந்திருந்தது. அவள் சங்கரா மீனைக் கூறு கட்டிக்கொண்டிருந்தாள். மனுவை வாங்கிப் படிக்கவில்லை. யாருக்கு எதிராக என்று மட்டும் கேட்டாள். சொன்னார்.

"தோ, அந்தக் கவுத்துப் போட்ட படகாண்ட போய்ப் பாத்துட்டு வா. அப்பறமா என்னாண்ட கையெழுத்து கேளு" என்றாள்.

படகின் மறைவில் வேம்பு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலில் குந்தியிருந்தார். பக்கத்தில் டிபன் கேரியர் திறந்து கிடந்தது. மூன்று அடுக்கிலும் மீனுக்குப் போடும் உடைத்த ஐஸ். அதைத் துண்டில் கட்டி, சின்னப்பையனின் இடது முட்டியில் வைத்துப் பிடித்திருந்தார். முட்டி பலாக்கொட்டை வேக வைத்தது போல உப்பியிருந்தது. துண்டிலிருந்து மீன் வாடையோடு சொட்டிய தண்ணீர், அமாவாசைக்கு வெங்காயம் தொடாத அந்த மனிதரின் மணிக்கட்டு வழியாக ஓடி முழங்கையில் சொட்டியது.

வேம்பு நிமிர்ந்து பார்த்தார். "வா கருணா" என்றார், தினமும் வருகிறவரைக் கூப்பிடுவது போல.

சின்னப்பையன் எழுந்திருக்கப் பார்த்தான். "எனுக்காக எல்லாராண்டயும் ஏச்சு வாங்கிக்கினு கீறார் சார்" என்றான் கருணாகரனிடம்.

"எனக்கு அது பழக்கம்டா. நீ காலை ஆட்டாதே."

பிறகு வேம்பு விஷயத்தைச் சொன்னார். ஜவ்வு லேசாகக் கிழிந்திருக்கிறது. இன்னும் ஆறு வாரம் ஓடாமல் இருந்தால் ஒட்டிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இப்போது ஓடினால் கால் அவ்வளவுதான். ஒன்பதாவது வாரம் அவனுக்கு விளையாட்டுக் கோட்டாவில் வேலைக்கான தேர்வு. தகப்பன் இல்லாத வீடு.

"அங்கயும் டாக்டர் பார்ப்பார். சரியா இருந்தா எடுத்துப்பா, இல்லேன்னா விட்டுடுவா. அது நியாயம். அதுக்கு முன்னாடி நம்ம படிக்கட்டுல எவனாவது முட்டி போனவன்னு ஒரு பேர் வெச்சுட்டான்னு வை, அது சாகற வரைக்கும் போகாது கருணா. உனக்குத் தெரியாததா?"

அந்தக் கடைசிக் கேள்வியில் குத்தல் இருக்கிறதா என்று கருணாகரன் தேடிப் பார்த்தார். இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். சட்டைப் பையிலிருந்த மனு நெஞ்சில் சுட்டது. யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டு, சுலோச்சனாவின் கடைப்பக்கம் திரும்பாமல் வேறு சந்து வழியாக நடந்தார்.

முப்பத்துமூன்று வருடத்துக்கு முந்தைய அந்த இறுதி ஆட்டம் அவர் கண்முன் வந்தது. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம். உயரத்தில் வந்த பந்தைத் தலையால் முட்டித் தள்ள வேண்டியவர் கருணாகரன். எதிரணியின் முரட்டு ஆள் ஒருவன் பாய்ந்து வந்தான். மண்டை உடையுமோ என்ற பயத்தில் கடைசி நொடியில் குனிந்துகொண்டார். அவர் தடுப்பார் என்று நம்பி நின்ற கோல்கீப்பர் வேம்புவின் கையில் பட்டு பந்து உள்ளே போயிற்று. உடை மாற்றும் அறையில் அப்போதைய கோச் மாஸ்டர் யார் தப்பு என்று கத்தினார். கருணாகரன் தரையைப் பார்த்தார். "என் கைதான் சார் வழுக்கிடுத்து" என்றார் வேம்பு. அன்று வேலைக்கு ஆள் பொறுக்க வந்திருந்த அதிகாரி ஸ்டாப்பரை எடுத்துக்கொண்டார். கோல்கீப்பர் பெயரை அடித்துவிட்டார். அடுத்த வாரமே கருணாகரன் அந்தப் பட்டப் பெயரை வைத்தார். யாரும் மறுபடி யோசித்துவிடக் கூடாதே. வேம்பு ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக உடற்பயிற்சி ஆசிரியராகவே தலை நரைத்தார்.

நமக்குத் தீங்கு செய்தவர்களை மன்னிப்பது கஷ்டம் என்கிறோம். நம்மால் தீங்கு அடைந்தவர்களை மன்னிப்பது அதைவிடக் கஷ்டம். அவர்களை ஏளனம் செய்துகொண்டே இருந்தால்தான் இரவில் தூக்கம் வருகிறது.

சனிக்கிழமை மாலை படிக்கட்டில் எல்லாரும் கூடியிருந்தார்கள். சின்னப்பையன் விஷயத்தைச் சொல்ல முடியாது. தன் விஷயத்தைச் சொல்லலாமே என்று கருணாகரன் தொண்டையைச் செருமினார்.

"அன்னிக்கு ஃபைனல்ல பந்த விட்டது வேம்பு இல்ல. நான்தான். பயந்து குனிஞ்சுட்டேன்."

தௌஃபீக் அவர் தோளைத் தட்டினான்.

"இன்னா நைனா, ரிட்டயர் ஆனா மனசு எளகிடுமா? நாளைக்கு அவுட் ஆகப்போற ஆளுக்கு இன்னிக்கே இரங்கல் கூட்டமா?"

படிக்கட்டு சிரித்தது. கீப்பர் விட்ட பந்தை டிஃபெண்டர் தலையில் கட்டுவது எந்த விதத்திலும் செல்லாது என்று சாய்சரண் விளக்கினான். அங்கிளுக்கு நல்ல மனசு, ஆனால் ஆட்டம் புரியவில்லை என்று கடைசியில் தீர்ப்பும் சொன்னான். அவனுக்கு அந்த ஆட்டத்தின்போது இரண்டு வயது.

"அது கெடக்கட்டும் அண்ணாச்சி. பேப்பர் பத்திரமா இருக்கா?" என்றார் வெங்கடேஷ்.

இவர்களுக்குச் சிரிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். பாடம் நன்றாகவே பதிந்திருந்தது. அந்தப் பேப்பரில் என் பெயர் வேண்டாம் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சுற்றிலும் இளித்த முகங்களைப் பார்த்தார்.

"இருக்கு" என்றார்.

மறுபடியும் குனிந்துவிட்டோம் என்ற எண்ணம் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவரைக் குடைந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கழகத்தின் அலுவலக அறை பூட்டியிருந்தது. கதவில் கடிதம் போடும் தகரப் பெட்டி. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. மனுவைக் கிழித்துப் போட்டால் ஒரு நொடியில் முடிந்துவிடும். ஆனால் மற்ற பத்தொன்பது பேரின் கையெழுத்து அவருடைய சொத்து அல்ல. அவர்கள் மனதில் பட்டதை அவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவருக்கு உரிமை உள்ளது ஒன்றே ஒன்றுதான்.

மனுவைச் சுவரில் வைத்து அழுத்திப் பிடித்தார். எல்லாவற்றுக்கும் மேலே இருந்த தன் பெயரின் குறுக்கே பேனாவால் ஒரு கோடு இழுத்தார். காரை பெயர்ந்த சுவர். கோடு நேராக வரவில்லை. அது தானே அடித்தது என்று சந்தேகம் வராமல் இருக்கப் பக்கத்தில் தேதி போட்டு, 'நான் விலகிக்கொள்கிறேன்' என்று எழுதி, முழுப் பெயரையும் போட்டார். ஒன்றிலிருந்து கடைசி வரை விரல் வைத்து எண்ணினார். பத்தொன்பது.

திங்கட்கிழமை படிக்கட்டில் அவருக்கும் ஒரு பெயர் வைத்துவிடுவார்கள். தௌஃபீக் கெட்டிக்காரன், நல்ல பெயராகவே கண்டுபிடிப்பான். ஏன் அடித்தீர்கள் என்று கேட்டால், வேண்டாம் என்று தோன்றிற்று என்பதற்கு மேல் அவரால் ஒன்றும் சொல்ல முடியாது. வேம்புவிடமும் சொல்லப்போவதில்லை. சொன்னால் அவர் நன்றி சொல்வார். அதை வாங்கிக்கொள்ளும் யோக்கியதை தனக்கு இல்லை.

"ஆமாம்மா, என்னைத் தாண்டித்தான் வந்துச்சு" என்றார், யாருமில்லாத தெருவில், மெதுவாக.

மனுவை நான்காக மடித்துப் பெட்டியின் வாயில் நுழைத்தார். அது அடியில் போய் விழும் சத்தம் கேட்கும் வரை நின்றார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.