பதினான்காவது கோன்

இதையெல்லாம் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று கேட்டால், சத்தியம் செய்ய முடியாது. அன்று மேசையில் ஆட்டுக்கறி இருந்ததா கோழியா, மழை பிடித்தது பேச்சுக்கு முன்பா பின்பா என்பதிலெல்லாம் சந்தேகம் உண்டு. சில, அங்கிருந்தவர்கள் சொல்லிக் கேட்டவை. சிலவற்றை மனம் தானாக இட்டு நிரப்பியிருக்கலாம். சின்னையா எழுந்து நின்ற விதத்தில் மட்டும் சந்தேகம் இல்லை. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அதை யாரும் எடுத்து நிறுத்தவில்லை.

தஞ்சோங் மோட்டார் கழகத்துக்கு இருபத்தேழு வருடம் பந்தய இயக்குநராக இருந்தவர் சின்னையா. பெரிய ஓடுதளம் வைத்திருக்கும் கழகம் அல்ல அது. பிறை நகரில் மூடிக் கிடக்கும் ஒரு தொழிற்சாலையின் கார் நிறுத்துமிடத்தை மாதத்தில் ஒரு ஞாயிறு கேட்டு வாங்கிக்கொள்வார்கள். தார்த்தரையில் ஆரஞ்சு நிறக் கோன்களை நிறுத்தி, அவற்றுக்கிடையே ஒவ்வொருவராக வளைந்து வளைந்து ஓட்ட வேண்டும். திங்கட்கிழமை வேலைக்குப் போகிற அதே கார்தான். குறைந்த நேரத்தில் முடிப்பவர் வென்றவர். கோனைச் சாய்த்தாலோ நகர்த்தினாலோ இரண்டு வினாடி தண்டம். நகர்ந்ததா என்று தெரிய ஒவ்வொரு கோனையும் சுற்றிச் சாக்கட்டியால் ஒரு கட்டம் போட்டிருக்கும். கோன் ஆடலாம், சுழலலாம்; கட்டத்துக்குள் நிமிர்ந்து நின்றுவிட்டால் தண்டம் இல்லை.

அந்தக் கட்டங்களைச் சின்னையா வேறு யாரையும் போட விட்டதில்லை. தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் முப்பது வருடம் இருந்த மனிதர். காலை ஆறரைக்கே வந்து, முழங்காலிட்டு, ஒவ்வொன்றாக வரைவார். அறுபத்தாறு வயதில் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. டிசம்பர் பந்தயத்தோடு விலகிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தார்.

நவம்பரில் ஒரு ஞாயிறு மதியம், பர்மா ரோட்டில் ஒரு மாடிக் கூடத்தில் பிரிவு விருந்து வைத்தார்கள். கழகத்தின் நேரக் கணக்காளர் முகம்மது கனி சொந்தமாக நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருப்பவர். சாப்பாடு அவர் பொறுப்பு. தலைவர் யுகேந்திரன் பேசினார். செபராங் ஜெயாவில் டயர் கடை நடத்துகிறவர், மைக் கிடைத்தால் விடமாட்டார்.

“அண்ணனப் பத்தி ஒரு கதை போதும் லா. அந்த வருஷம் சாம்பியன்ஷிப் கடைசி ரேஸு. நானும் லோகாவும் சமமா நிக்கிறோம். லோகேஸ்வரன் யாரு? அண்ணனோட சொந்த மச்சான், அண்ணியோட கூடப் பொறந்த தம்பி! பதினாலாவது கோன்ல லோகா காடி உரசிருச்சு. வேற ஆளா இருந்தா கண்ண மூடிக்குவான். அண்ணன் போட்டாரு பாருங்க ரெண்டு செகண்டு! அரை செகண்டுல நான் ஜெயிச்சேன். வீட்டுக்குப் போயி அண்ணிகிட்ட என்ன வாங்கினாரோ, அது நமக்குத் தெரியாது.”

கூடம் சிரித்தது. சின்னையாவும் லேசாகச் சிரித்தார். இதுவரை பேசிய மூன்று பேரும் இதே கதையைத்தான் சொல்லியிருந்தார்கள். பினாங்கிலும் பெருநிலத்திலும் கார் ஓட்டுகிற அத்தனை பேருக்கும் அவரை அந்த ஒரு கதையால்தான் தெரியும். சொந்த மச்சானையே விடாதவர்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சந்திரிகா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கதை வரும்போதெல்லாம் அவள் எதையாவது குனிந்து பார்ப்பாள். ஒன்பது வருடமாகத் தம்பி அவள் வீட்டு வாசல் ஏறியதில்லை. பைராம் தோட்டத்தில் அவர்கள் அம்மா இறந்தபோது, வாய்க்கரிசி போடச் சின்னையா வந்ததும் லோகேஸ்வரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போய் நின்றான். அன்று காரில் திரும்பும்போது சந்திரிகா கேட்டது ஒன்றே ஒன்று. “அது நெசமா விழுந்துச்சாங்க?” சின்னையா சொன்னார், “என் கண்ணால பாத்தேன்.” பிறகு அவள் கேட்கவில்லை.

செயலாளர் ஷர்மினி விளக்கை அணைத்தாள். உறுப்பினர்களிடம் பழைய படங்களைத் திரட்டி ஒரு காணொளி செய்திருந்தாள். அவள் கழகத்தில் சேர்ந்து மூன்று வருடம்தான். திரையில் இளமையான சின்னையா சாக்கட்டியோடு முழங்காலிட்டிருந்தார். கொடி அசைத்தார். குடைக்குள் சோறு தின்றார். பிறகு, வேலியோரம் நின்று யாரோ கைப்பேசியில் எடுத்த துண்டு ஒன்று வந்தது. கீழே ‘அந்த இரண்டு வினாடி!’ என்று எழுத்து ஓடியது. கை தட்டினார்கள். நீலக் கார் வளைந்து வந்தது. பின்சக்கரம் கோனை உரசியது. கோன் சாய்ந்தது, தன்னையே ஒரு சுற்றுச் சுற்றியது, நிமிர்ந்து நின்றது. கட்டத்துக்குள்.

அடுத்த படம் வந்துவிட்டது. யாரோ கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

“ஷர்மினி, அதத் திருப்பிப் போடு.”

“எது அங்கிள்? கேக்கா?”

“காடி.”

அவள் நீலக் கார் வரும் துண்டைத் திரும்பப் போட்டாள். கோன் சாய்ந்தது, சுற்றியது, நின்றது.

“இன்னொரு தடவ.”

மூன்றாவது முறை கோன் நிமிர்ந்தபோது கூடத்தில் யாரும் கை தட்டவில்லை. அப்போதுதான் நாற்காலி விழுந்தது.

“இது யார்கிட்ட இருந்துச்சு?”

ஷர்மினி பயந்துபோய்க் கையை நீட்டினாள். “கனி அங்கிள் குடுத்தாங்க.”

கனி எழுந்தார். “அண்ணே, உக்காருங்க. ஒரு தமாஷுக்குத்தான...”

“எத்தன வருஷமா வெச்சிருக்க?”

“அன்னிக்கே எடுத்ததுதான். என் தங்கச்சி ருக்கையா எடுத்தா.”

“அப்போ உனக்குத் தெரியும்.”

“எல்லாருக்கும் தெரியுமேண்ணே.” கனியின் குரலில் கள்ளம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. “அந்தா உக்காந்திருக்கானே ஹைக்கல், அவன்தான் அன்னிக்கு அந்தக் கோனப் பாத்துக்க நின்னான். வாக்கி டாக்கில ‘கிளீன், விழல’ன்னு சொன்னான். நீங்கதான் ‘நான் பாத்தேன், ரெண்டு செகண்டு போடு’ன்னீங்க. நாங்க என்ன நெனச்சோம்? மச்சான ஜெயிக்க வெச்சாருன்னு நாலு பேரு பேசிடக் கூடாதுன்னு தெரிஞ்சே போட்டீங்கன்னு நெனச்சோம். பெரிய மனசு லா அதுக்கு. வேற எவனுக்கு வரும்?”

சின்னையா கனியைப் பார்த்தார். இருபத்தேழு வருடம் இந்த மனிதன் பக்கத்தில் நேரம் எழுதியிருக்கிறான். அவன் கடையில் வாரத்துக்கு நான்கு நாள் சாப்பிட்டிருக்கிறார்.

“தெரிஞ்சே ஒருத்தன் வயித்துல அடிச்சேன்னு நெனச்சீங்க. அதுக்குத்தான் எனக்கு மாலையா? அதுக்குத்தான் வருஷா வருஷம் கைதட்டலா?” மேசையை ஓங்கி அறைந்தார். குழம்புக் கிண்ணம் கவிழ்ந்தது. “ஒருத்தனுக்கும் வாயில்லயா? டேய் ஹைக்கல், நீதான அடுத்த டைரக்டர்? உன் கண்ணு முன்னால நின்ன கோனு. ஏன்டா சும்மா இருந்த?”

“எனக்கு அப்போ பத்தொம்பது வயசு அங்கிள். நீங்க சொன்னா சட்டம். அதான நீங்க சொல்லிக் குடுத்தது?”

சின்னையாவுக்குக் கோபம் இன்னும் ஏறியது. பையிலிருந்து கழகத்தின் முடிவுத் தாளை எடுத்தார். நடுவர் தீர்ப்புகளை எழுதும் அச்சடித்த தாள். எந்த விருந்துக்குப் போனாலும் அது அவர் பையில் இருக்கும்.

யுகேந்திரன் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். “அண்ணே, ரூல் புக்கு நீங்க எழுதினது. தீர்ப்பு தப்புன்னா அரை மணி நேரத்துக்குள்ள புரோட்டஸ்ட் குடுக்கணும். ஒம்பது வருஷம் ஆச்சு.”

“அன்னிக்கு லோகா அஞ்சு நிமிஷத்துல வந்து நின்னான்.”

“கேடயத்துல என் பேரு செதுக்கியிருக்கு. கடையில போட்டோ மாட்டியிருக்கேன். இப்ப என்னையத் திருடனாக்குறீங்களா?”

“உன்னையச் சொல்லலடா. நீ ஒழுங்காத்தான் ஓட்டின. ஒழுங்கா இல்லாதது நானு.”

எழுதினார். தண்டம் நீக்கப்படுகிறது, முதலிடம் லோகேஸ்வரன். தேதி, நேரம், கையெழுத்து. ஹைக்கலிடம் நீட்டினார். ஹைக்கல் யுகேந்திரனைப் பார்த்தான், தாளைப் பார்த்தான், சாட்சியாகக் கையெழுத்துப் போட்டான். கனி, “சாப்பாட்ட புங்குஸ் பண்ணித் தரேன் அண்ணி,” என்று சந்திரிகாவிடம் பொட்டலத்தை நீட்டினார். சின்னையா அதை வாங்கி மேசையில் திருப்பி வைத்தார்.

சின்னையா காரைப் பாலத்தின்மேல் விட்டார், லோகேஸ்வரன் வீட்டை நோக்கி. கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. ஒன்பது வருடமாக அவர் மனதில் ஒரு படம் இருந்தது: தரையில் பக்கவாட்டில் கிடக்கும் ஆரஞ்சுக் கோன், அதன் வெள்ளைப் பட்டை, அடியில் ஒட்டிய மண். அந்த மண்ணைக்கூட அவரால் சொல்ல முடியும். அப்படி ஒன்று நடக்கவே இல்லை. அப்படியானால் என்ன நடந்தது? அன்று காலை தேநீர்க் கடையில் எவனோ சொன்னான், “இன்னிக்குக் கோப்பை குடும்பத்துக்குள்ளயே போயிடும் போல.” சிரித்தார்கள். பிறகு கூடாரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கோன் சாய்ந்தது. அந்தக் கணமே தலையைக் குனிந்து இரண்டு என்று எழுதிவிட்டார். நிமிர்ந்து பார்க்கவில்லை. கண் பார்ப்பதற்கு முன்பே கை எழுதிவிட்டது.

பக்கத்தில் சந்திரிகா அழுதுகொண்டிருந்தாளா என்று திரும்பிப் பார்க்க அவருக்குத் துணிவில்லை. அவள் அழவில்லை. பாலம் முடிகிற இடத்தில் சொன்னாள், “எங்கம்மா சாவுல கேட்டேன். அப்பவும் பாத்தேன்னு சொன்னீங்க.” அவ்வளவுதான். அதை அவள் கத்திச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

செபராங் ஜெயாவில் லோகேஸ்வரன் வீட்டுக் கதவைத் திறந்தவள் அவன் மனைவி பிரமிளா. ஒரு நொடி திகைத்து, “வாங்கண்ணே, வாங்க அண்ணி,” என்றாள். லோகேஸ்வரன் உள்ளிருந்து வந்தான். தலை நரைத்திருந்தது. உட்காரச் சொல்லவில்லை. சின்னையா தாளை நீட்டினார். அவன் நின்றபடியே படித்தான். இரண்டு முறை படித்தான்.

“ரெண்டு செகண்டத் திருப்பிக் குடுக்க வந்தீங்களா, அத்தான்?”

“தப்பு என்னோடது.”

“ரெண்டு செகண்டுக்காகத்தான் ஒம்பது வருஷம் அக்கா வீட்டுப் படி ஏறாம இருந்தேன்னு நெனச்சீங்களா?” சிரித்தான். அது நல்ல சிரிப்பு இல்லை. “கோனு விழல அத்தான், வந்து பாருங்கன்னு உங்ககிட்ட வந்து நின்னேன். நீங்க கையில மைக்க வெச்சுக்கிட்டே சொன்னீங்க. ‘சொந்தக்காரன்ங்கிற தைரியத்துல பொய் சொல்லிக்கிட்டு என் முன்னால வராத.’ எரநூறு பேரு கேட்டான். எம் பொண்ணு ரூபினி கேட்டா. ஏழு வயசு. வீட்டுக்கு வந்து, ‘அப்பா நீங்க பொய் சொன்னீங்களா’ன்னு கேட்டா.”

சின்னையாவுக்கு அது நினைவே இல்லை. விழாத கோனின் அடியில் இருந்த மண்வரை நினைவிருந்தது. சொன்ன வார்த்தை இல்லை.

“நான்... அப்படிச் சொன்னேனா?”

“பாத்தியாக்கா? அதுகூட ஞாபகமில்ல!” லோகேஸ்வரன் தாளை இரண்டாகக் கிழித்து அவர் சட்டைப் பையில் திணித்தான். “மைக்குல சொன்னத வீட்டு ஹால்ல வந்து துடைக்க முடியாது. போங்க.”

சந்திரிகா கணவனைப் பார்த்தாள். “சொன்னீங்க,” என்றாள். “நானும் அங்கதான் நின்னேன்.”

டிசம்பர் பந்தயத்துக்கு யுகேந்திரன் வரவில்லை. முந்தின நாள் கேடயத்தை ஒரு பெட்டியில் போட்டுக் கழகத்துக்கு அனுப்பிவிட்டார். சின்னையா ஆறரைக்கு வந்தார். முழங்காலிட்டு எல்லாக் கட்டங்களையும் வரைந்தார். பதினான்காவதை வரைந்தபின் நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. வலியா வேறொன்றா என்று தூரத்தில் நின்ற ஹைக்கலுக்குத் தெரியவில்லை. அவன் கிட்டே போகவும் இல்லை.

முதல் கார் கிளம்பும் முன் மைக்கைக் கையில் எடுத்தார். நூற்றைம்பது பேராவது இருந்திருப்பார்கள். வேலிக்கு வெளியே சாலையோரம் ஒரு நீலக் கார் நின்றதாகச் சிலர் சொல்கிறார்கள். பிறையில் நீலக் கார்கள் நிறைய.

“ஒம்பது வருஷத்துக்கு முன்ன இதே எடத்துல லோகேஸ்வரன் கோனு விழலன்னு சொன்னான். நான் இந்த மைக்குல அவனப் பொய்க்காரன்னேன். அவன் சொன்னது உண்மை. நான் பாத்தேன்னு சொன்னேன். நான் பாக்கல.”

எங்கோ ஒரு லாரி பின்வாங்கும் ஓசை கேட்டது. சந்திரிகா கைப்பேசியை உயர்த்திப் பிடித்து முழுவதையும் பதிந்து, தம்பிக்கு அனுப்பினாள். அவன் கேட்டுவிட்டான் என்பதற்கு வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. பதில் வரவில்லை.

சின்னையா மைக்கை அணைத்துவிட்டு ஹைக்கலிடம் கொடியைக் கொடுத்தார். பந்தயம் முடியும்வரை நிற்கவில்லை.

சின்னையா இப்போது பந்தயங்களுக்குப் போவதில்லை. முழங்கால் அறுவை முடிந்து ஊன்றுகோலோடு நடக்கிறார். ஹைக்கல் இயக்குநராக இருக்கிறான்; ஒவ்வொரு கோனுக்கும் எதிரே ஒரு கேமரா வைத்திருக்கிறான், கட்டங்களை வேறு ஆட்கள் வரைகிறார்கள். யுகேந்திரன் கழகத்தை விட்டு விலகினார், கடைச் சுவரில் அந்தப் படம் இன்னும் மாட்டியிருக்கிறது. கேடயத்தில் அந்த வருடத்துக்கு எதிரே இரண்டு பெயர்கள் இருக்கின்றன. ஷர்மினி வேலை மாறி ஜொகூருக்குப் போய்விட்டாள். கனியின் கடை நடக்கிறது. சின்னையா ஏழு மாதம் அந்தப் பக்கம் போகவில்லை, பிறகு போனார், அதைப் பற்றி இருவரும் பேசியதில்லை. தீபாவளிக்கு லோகேஸ்வரன் பிரமிளாவையும் ரூபினியையும் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தான். சந்திரிகா பரிமாறினாள், அவன் சாப்பிட்டான். சின்னையாவோடு அவன் இன்னும் பேசவில்லை.