துக்கம் விசாரிக்கப் போன லாசர்

என் கணவர் லாசர் கடைசியாக என்னிடம் பேசியது கெட்டிலைப் பற்றி. ஒரு திங்கட்கிழமை காலை. உள்ளே படிந்த சுண்ணாம்பைக் கரைக்க எலுமிச்சை உப்புப் போட்டு அதில் தண்ணீரைக் கொதிக்க வைத்திருந்தார். "ஃபாயா, மறந்துபோய் இதுல டீ போட்டுறாத. போன தடவ உங்க அக்காவுக்கு ஊத்திக் குடுத்த மாதிரி ஆயிடும்" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளோடு பால்கனிக்குப் போனார். நான் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தேன். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து, முயன்று பார்த்து, தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பிய பிறகும் கெட்டில் வெதுவெதுப்பாக இருந்தது.

அவருக்கு எழுபத்தொரு வயது. இதயம் என்றார் மருத்துவர். அந்தக் காலையைப் பற்றி எழுத எனக்கு இதற்கு மேல் ஒன்றுமில்லை. அதற்கு முந்தைய இரண்டு மாதங்களைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது.

நாங்கள் இயேசுவை, எங்கள் பேச்சில் யேஷுவாவை, மேசியா என்று நம்பும் யூதர்கள். இஸ்ரேலில், ஹைஃபா நகரத்தில், ஒரு டயர் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் எங்கள் சபை கூடுகிறது. சனிக்கிழமைகளில் மோசேயின் வேதமான தோராவை வாசிப்போம், யேஷுவாவைப் பாடுவோம், பிறகு ஊறவைத்த ஹெர்ரிங் மீன் சாப்பிடுவோம். யூதர்கள் எங்களைக் கிறிஸ்தவர்கள் என்பார்கள். கிறிஸ்தவர்கள் எங்களை யூதர்கள் என்பார்கள். ஹெர்ரிங்கைப் பார்த்தால் மட்டும் நாங்கள் யூதர்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

அந்தச் சபையில் ஷோஃபார் ஊதிக்கொண்டிருந்தவர் லாசர்தான். பண்டிகை நாட்களில் ஊதும் ஆட்டுக்கொம்பு அது. பன்னிரண்டு வருடம் ஊதினார். பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு பாவநிவிர்த்தி நாளின் முடிவில், எல்லோரும் பட்டினியோடு எழுந்து நிற்க, கடைசி நீண்ட ஊதலுக்கு மூச்சை இழுத்து ஊதினார். சத்தம் வரவில்லை. பல்செட் வந்தது. பறந்து போய் முன்வரிசையில் ரீவாவின் மடியில் விழுந்தது. ரீவா அதைக் கைக்குட்டையில் சுற்றி, பிறந்தநாள் பரிசு கொடுப்பதுபோல எழுந்து வந்து அவர் கையில் கொடுத்தாள்.

அடுத்த வருடம் பொறுப்பாளர்கள் கொம்பை ரீவாவின் கணவர் எஃபீமிடம் கொடுத்தார்கள். எஃபீமும் லாசரும் ஒரே ஊர்க்காரர்கள். ஒரே விமானத்தில் இந்த நாட்டுக்கு வந்து இறங்கியவர்கள். லாசர் முழுச் சபைக்கும் முன்னால் எழுந்து, "இவன் ஊதுனா கொம்பு கத்தாது, அதக் குடுத்த ஆடு கத்தும்!" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். நானும் பின்னாலேயே இறங்கினேன். சபைக்குப் போவது நின்றது. பிறகு வீட்டில் ஜெபம் நின்றது. பிறகு சாப்பாட்டுக்கு முன் சொல்லும் நன்றியும் நின்றது. லாசர் வாழ்நாள் முழுக்க லிஃப்ட் பழுது பார்த்தவர். "மெயின் சுவிட்ச் ஒண்ணு அணைஞ்சா எல்லா மாடியும் இருட்டுதான்" என்பார், ஏதோ வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல.

போன வருடம் எலூல் மாதம் பிறந்த வாரம் அவருக்குப் புதுப் பல் கட்டினார்கள். எலும்போடு திருகி வைத்த பல். எலூல் என்பது பாவநிவிர்த்தி நாளுக்கு முன்னால் மனந்திரும்புவதற்கென்றே வைத்த மாதம். லாசர் கண்ணாடி முன் நின்று உதட்டைக் குவித்து ஊதிப் பார்த்தார். அரை மணி நேரம்.

"ஃபாயா, நான் கடவுள்கிட்டத் திரும்பிப் போறேன்."

"கடவுள்கிட்டயா, கொம்புகிட்டயா?"

"ரெண்டும் ஒரே கட்டடத்துலதான இருக்கு?"

நான் சிரித்தேன். எட்டு வருடமாகப் பாத்திரம் கழுவும்போது மட்டும் பாடிக்கொண்டிருந்தவள் நான். எந்தக் காரணத்துக்காகப் போனாலும் சரி, போனால் போதும்.

லாசர் சபைத் தலைவர் ஹனானோடு தொலைபேசியில் பேசினார். ஹனான் இங்கேயே பிறந்தவர், எங்களைவிட முப்பது வயது இளையவர். "வாங்க லாசர், கதவு திறந்துதான் இருக்கு. ஆனா பாவநிவிர்த்தி நாளுக்கு முன்னாடி எஃபீமப் பாத்துருங்க. அதுமட்டும் நான் செய்ய முடியாது, நீங்கதான் செய்யணும்" என்றார்.

அது எங்களுக்கெல்லாம் தெரிந்த முறைதான். கடவுளுக்குச் செய்த தவறைக் கடவுள் மன்னிப்பார். மனிதனுக்குச் செய்த தவறுக்கு முதலில் அந்த மனிதனிடம் போக வேண்டும். அவன் மறுத்தால் இன்னொரு முறை, இன்னொரு முறை. மூன்று முறை கேட்டும் மறுத்தால் கேட்டவன்மேல் பாரம் இல்லை என்று பெரியவர்கள் வைத்திருக்கிறார்கள். லாசருக்கு இந்த மூன்று என்ற எண் மிகவும் பிடித்திருந்தது.

முதல் முறை எஃபீமின் வீட்டு வாசலில். லாசர் எழுதிவைத்த தாளைப் பார்த்து வாசித்தார்.

எஃபீம் கதவைப் பாதி திறந்தபடி கேட்டார். "எதுக்கு மன்னிப்பு?"

"கொம்பப் பத்திச் சொன்னதுக்கு. ஆட்டப் பத்திச் சொன்னதுக்கு."

"அதுக்குன்னா வேணாம். போ." கதவு சாத்தப்பட்டது.

இரண்டாம் முறை சந்தையில் மீன் கடை வரிசையில். "எஃபீம், கொம்பு விஷயத்துல நான் பேசினது தப்பு." எஃபீம் மீன்காரரிடம், "அந்தக் கெண்டைய ரெண்டா வெட்டுங்க. தலை இவருக்கு வேணுமான்னு கேளுங்க, இவருது எங்கியோ விட்டுட்டாரு" என்றார்.

மூன்றாம் முறைக்கு முறைப்படி மூன்று சாட்சிகள்: ஹனான், பியானோ வாசிப்பவர், சபைச் சமையலறையைப் பார்த்துக்கொள்பவர். எஃபீமின் குடியிருப்பு முற்றத்தில் எல்லோரும் வரிசையாக நின்றார்கள்.

"எதுக்கு மன்னிப்பு?" என்றார் எஃபீம், அதே குரலில்.

"யோவ், எத்தன தடவ சொல்றது? கொம்புக்கு!"

"அப்ப இல்ல."

லாசர் வீட்டுக்கு விசிலடித்துக்கொண்டு வந்தார். "மூணு முடிஞ்சுது! சாட்சி இருக்கு. இனி அது அவன் பாடு."

"பெரியவங்க மூணுன்னாங்க. நம்ம யேஷுவா எழுபது தடவை ஏழுன்னாரே" என்றேன்.

"அது மன்னிக்கிறவனுக்குடி. கேக்கறவனுக்குக் கிடையாது."

"வக்கீலாப் போயிருக்கலாம் நீ."

"லிஃப்ட்டுல மாட்டிக்கிட்ட வக்கீலுங்ககிட்டக் கத்துக்கிட்டது."

எங்கள் புத்தாண்டுக்கும் பாவநிவிர்த்தி நாளுக்கும் இடையில் ஒரு சனிக்கிழமை வரும். திரும்புதலின் சனிக்கிழமை என்று அதற்குப் பெயர். எட்டு வருடத்துக்குப் பிறகு அன்றுதான் மூன்று மாடி ஏறினோம். எஃபீம் வரவில்லை. லாசர் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். முதல் பாட்டிலேயே எனக்குக் குரல் உடைந்துவிட்டது. அவர் வாயைத் திறக்கவில்லை. புதுப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "கூப்பிடறேன், யாரும் ஃபோன எடுக்கல" என்று என் காதில் முணுமுணுத்தார். யார் எடுக்கவில்லை என்று நான் கேட்கவில்லை.

கூட்டம் முடிந்து தேன் கேக் கொடுத்தார்கள். லாசர் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டார்.

"நல்லாருக்கு. யாரு செஞ்சது?"

சமையலறைக்காரர் சொன்னார்: "நான்தான். ரீவா சொல்லிக்குடுத்தது. அவங்க போயி நாலு வருஷம் ஆச்சு, எல்லாரும் இன்னும் ரீவா கேக்குன்னுதான் சொல்றாங்க."

லாசர் மெல்லுவதை நிறுத்தினார். தட்டை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போனார். நான் போய்ப் பார்த்தபோது இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் படியில் உட்கார்ந்திருந்தார்.

ரீவா இறந்த வாரம் எஃபீம் எங்கள் வழக்கப்படி ஏழு நாள் துக்கத்தில் தரையோடு உட்கார்ந்திருந்தார். நகரமே போய்ப் பார்த்தது. லாசர் போகவில்லை. ஏழு நாளும் காலையில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டார். ஏழு நாளும் எஃபீம் கூப்பிடட்டும் என்று காத்திருந்தார். துக்க வீட்டுக்காரன் யாரையாவது கூப்பிடுவானா? மூன்றாம் நாள் நான் தனியாகப் போனேன். லாசருக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். "எவ்வளவு?" என்று கேட்டார் எஃபீம். "முப்பத்தெட்டு டிகிரி" என்றேன். அதற்குப் பிறகு நானும் லாசரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

"என் பல்ல கைக்குட்டையில சுத்திக் குடுத்தா அவ" என்றார் லாசர், படியைப் பார்த்தபடி. "அவளப் பொதைக்கப் போகல நான். மூணு தடவ மன்னிப்புக் கேட்டேன், ஃபாயா. மூணு தடவையும் கொம்புக்குக் கேட்டேன்."

பிறகு என்னிடம் இல்லாமல் வேறு யாரிடமோ பேசினார். குரல் மிகவும் சின்னதாக இருந்தது. "தெரியாமச் செய்யல. தெரிஞ்சுதான் செஞ்சேன். என்னைய உள்ள விடு." அவ்வளவுதான். எட்டு வருடத்துக்குப் பிறகு அவர் செய்த முதல் ஜெபம் அது. கீழே டயர் கடைப் பூனை கத்தியது. அவர் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தார்.

மறுநாள் காலை ஆறு முட்டை வேகவைத்தார். துக்க வீட்டில் முதல் சாப்பாடாகக் கொடுப்பது அவித்த முட்டையும் பருப்பும்தான். பருப்பை நான் செய்தேன். பால்கனியில் உட்கார்ந்து கால் கழுவும் குட்டை முக்காலி ஒன்று எங்களிடம் இருந்தது. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார்.

"தாழ உக்கார்றதெல்லாம் துக்கத்துல இருக்கறவங்களுக்குத்தான?" என்றேன்.

"எல்லாம் நாலு வருஷம் பிந்திப்போச்சு. யாரு எதுல உக்காந்தா என்ன?"

துக்க வீட்டில் வந்தவர் முதலில் பேசக்கூடாது. வீட்டுக்காரர் வாய் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். எஃபீம் கதவைத் திறந்தார். லாசர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே நுழைந்து, முட்டைப் பாத்திரத்தை மேசைமேல் வைத்து, கூடத்தின் நடுவில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். முழங்கால் காது வரை வந்தது. நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன்.

எஃபீம் எங்களைப் பார்த்தார். முட்டையைப் பார்த்தார். முக்காலியைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் பேசவில்லை. ஜன்னல் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். திரும்பி வந்து அதே செடிகளுக்கு இன்னொரு முறை ஊற்றினார். தொலைக்காட்சியைப் போட்டு, வானிலை கேட்டு, அணைத்தார். ஒரு சட்டையை இஸ்திரி போட்டார். தெரிந்த நாளிலிருந்து லாசர் சேர்ந்தாற்போல ஐந்து நிமிடம் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, ஐம்பது நிமிடம் சும்மா இருந்தார்.

எஃபீம் இஸ்திரிப் பெட்டியை வைத்தார்.

"காய்ச்சல் விட்டுருச்சா?"

"காய்ச்சல் பொய்" என்றேன் நான். "அது நான் சொன்ன பொய். என்னையும் மன்னிக்கணும் நீங்க."

"தெரியும். பொய் சொல்றப்ப உனக்குக் காது செவக்கும்." பிறகு லாசரைப் பார்த்தார். "நாலு வருஷம் லேட்டுடா நீ."

"பார்க்கிங் கெடைக்கல."

எஃபீம் சுவரில் சாய்ந்துகொண்டார். முதலில் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன், சிரிப்பு. பிறகு பார்த்தால் அழுகையும்தான். லாசர் எழுந்திருக்க முயன்றார், முடியவில்லை, முக்காலி அவரோடு ஒட்டிக்கொண்டு வந்தது. உட்கார்ந்தபடியே சொன்னார்:

"ரீவா போனப்ப உன்னத் தனியா உக்கார விட்டுட்டேன். கர்வம். வேற ஒண்ணுமில்ல. அதுக்குக் கேக்கறேன்."

"அதுக்குன்னா சரி" என்றார் எஃபீம். "அதுக்குத்தான்யா வாசல்லயும் மீன் கடையிலயும் காத்துக்கிட்டிருந்தேன். சரி. சரி. முழுசா சரி."

முட்டையை உரித்தோம். ரீவா ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு நர்சிடமும் பல் பறந்த கதையைச் சொன்னாளாம். சொல்லச் சொல்ல அது மூன்றாவது வரிசை வரை பறந்ததாம். லாசர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். இரண்டாவது முட்டையின்போது மெதுவாக ஆரம்பித்தார்.

"இப்ப புதுப் பல்லு, எஃபீம். திருகி வச்சது. நகராது."

"மன்னிப்பு வேற, கொம்பு வேற."

"சும்மா சொன்னேன்."

"சும்மாவே இரு."

பாவநிவிர்த்தி நாளில் முன்வரிசையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். செய்த தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்லி நெஞ்சில் தட்டும் ஜெபம் வந்தபோது லாசர் தட்டிய சத்தம் எனக்குப் பின்வரிசை வரை கேட்டது. நமக்கான பலி யேஷுவாவில் முடிந்துவிட்டது என்று ஹனான் சொன்னபோது, கைகளைக் கீழே விட்டு, பாரம் இறக்கியவன் நிற்பதுபோல நின்றார். சூரியன் மறைந்ததும் எஃபீம் கொம்பை எடுத்தார். கடைசி ஊதலில் அவருக்குப் பாதியில் மூச்சு முட்டியது. லாசர் கண்ணை மூடிக்கொண்டு சத்தமாக ஆமென் சொன்னார்.

அன்று சாலையில் கார் ஓடாது, நாள் முடிந்தும் இன்னும் ஒன்றும் வரத் தொடங்கவில்லை. நடுரோட்டில் நடந்தே திரும்பினோம். பிள்ளைகளின் சைக்கிள்கள் இரண்டு பக்கமும் பறந்தன.

"எட்டு வருஷமா, அந்தப் பொறுப்பாளர் கூட்டத்துல கடவுளும் எனக்கு எதிரா ஓட்டுப் போட்டாருன்னு நெனச்சுட்டிருந்தேன், ஃபாயா."

"போட்டாரா?"

"அவரக் கேட்டா, நான் அந்தக் கூட்டத்துக்கே வரலைங்கறாரு."

அது புதன்கிழமை. இருபத்தாறு நாள் கழித்து அந்தத் திங்கட்கிழமை வந்தது. வரிசையாக நான்கு சனிக்கிழமை அவர் பாடி நான் கேட்டிருந்தேன். சுருதி சேராமல்தான் பாடினார்.

என் துக்கத்தின் ஏழு நாளும் எஃபீம் வந்தார். முறைப்படி நான் பேசும்வரை அவர் பேசக்கூடாது. உள்ளே வந்து உட்காருவதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார். லாசர் சின்ன வயதில் என்னென்ன செய்தார் என்று எனக்கே தெரியாத கதைகள். ஏழாம் நாள் எனக்குச் சிரித்துச் சிரித்து விலா வலித்தது.

இப்போதும் சனிக்கிழமை சபைக்குப் போகிறேன். முனையில் நின்று பஸ் ஏறுவேன். எட்டு இருபது பஸ், லாசரைப் போல லேட்டாக, எட்டு இருபத்தாறுக்குத்தான் வருகிறது.