அவன் எடுக்காத படங்கள்

லிப்ட் மெக்கானிக்கின் அம்மாவும் மனைவியும் ஒரே வீட்டில் இருந்தார்கள். ஆனால் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை.

"உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு, குழாயைச் சரியா மூடட்டும்" என்பாள் அம்மா. இரண்டடி தள்ளி நிற்கும் மனைவி, "மூடித்தான் இருக்குன்னு சொல்லுங்க" என்பாள். நடுவில் இவன் தபால்காரன். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

அந்த இடியிலிருந்து தப்பிக்க அவன் பிடித்துக்கொண்ட கொழுகொம்புதான் பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா. பிலிம் போடுவது. பேட்டரி கிடையாது, தானாக எதையும் செய்யாது. அதன் சின்ன ஜன்னலில் கண் வைத்தால் நடுவே ஒரு மங்கல் மஞ்சள் கட்டம் தெரியும். கட்டத்துக்குள் எதைப் பார்த்தாலும் இரண்டு இரண்டாக இருக்கும். லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப ஒரு பிம்பம் நகர்ந்துபோய் மற்றதன்மேல் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். அந்த ஒட்டலுக்காகவே அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் உயிரைக் கொடுப்பான். பிலிமை நகர்த்தும்போது கட்டைவிரலுக்குக் கீழே பற்சக்கரம் நழுவாமல் ஓடுவது, லிப்ட் மெஷினில் பழகிய கைக்குத் தனி சுகம். கேட்பவர் யார் என்றில்லை. சுவரைப் பார்த்தாவது இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருப்பான். வார நாட்களில் கிரீஸ் கையோடு அதைத் தொடமாட்டான். பீரோவில் பூவைப் போல வைத்திருப்பான்.

அந்த முறை பிலிமைக் கழுவிப் பிரிண்ட் போட்டுக் கொடுத்த ஸ்டூடியோக்காரர், உறையை நீட்டியபோதே சிரித்தார். "வீட்டம்மா படம் பிரமாதமா வந்திருக்கு சார்."

அவன் மனைவியை எடுக்கவேயில்லை.

தெருவிலேயே நின்று உறையைப் பிரித்தான். மொட்டை மாடிகள், தண்ணீர்த் தொட்டி, பாலத்துக் கம்பிகள், எல்லாம் அவன் எடுத்தவை. கடைசி நான்கு படங்களில் அவள். ஈரத் தலையைத் துவட்டுகிறாள். சமையல் மேடைமேல் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டுகிறாள். ஒன்றில் வாய்விட்டுச் சிரிக்கிறாள், கேமராவுக்குப் பின்னால் இருக்கும் யாரையோ பார்த்து. அந்தச் சிரிப்பை அவன் பார்த்தே வெகுகாலம் ஆகியிருந்தது. இன்னொரு வயிற்றெரிச்சலும் சேர்ந்துகொண்டது: அவ்வளவு அருகிலிருந்து எடுத்தும் இமை மயிர் ஒவ்வொன்றும் கூர்மையாக இருந்தது. அவன் கைக்கு அது ஒருநாளும் வாய்த்ததில்லை.

எடுத்தவன் யார்?

கீழ்வீட்டு டியூஷன் மாஸ்டரின் முகம்தான் முதலில் வந்தது. ஒருமுறை படிக்கட்டில் நிறுத்தி, "இந்தக் கேமரா இன்னும் வேலை செய்யுதா?" என்று கேட்டவர். சாதாரணக் கேள்விதான். இப்போது அதற்குக் கொம்பு முளைத்துவிட்டது.

வீட்டில் அவன் மூச்சுவிடவில்லை. படங்களை வழக்கம்போல மேஜைமேல் போட்டான். மனைவி ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் செய்தித்தாளுக்குள் தலையை நுழைத்துக்கொண்டான்.

புது பிலிம் போட்டு, லென்ஸ் வளையத்தைக் கடைசித் தூரத்துக்குத் திருப்பி பீரோவில் வைத்தான். புதன்கிழமை மாலை எடுத்துப் பார்த்தால் வளையம் இந்தக் கோடியில், மிக அருகில் இருப்பதைப் படமெடுக்கும் இடத்தில் நின்றது. யாரோ தொட்டிருக்கிறார்கள்.

மறுநாள் தலைவலி என்று சொல்லிவிட்டு மதியமே வீட்டுக்கு வந்தான். மாஸ்டர் வீட்டில் பூட்டு தொங்கியது. 'ஆக, மேலேதான் இருக்கிறான்' என்று அவன் மனம் தானே தீர்ப்பு எழுதியது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறினான்.

கதவுக்கு உள்ளேயிருந்து தணிந்த, கரகரத்த குரல்: "அசையாதே... இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்... ஆ, ஒட்டிக்கிச்சு!"

கதவைத் தள்ளினான்.

ஜன்னலோரம் மனைவி. எதிரே நாற்காலியில், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கேமராவில் கண் பதித்தபடி அம்மா.

"இப்படியாடா வந்து நிப்ப? கை ஆடிடுச்சு பாரு" என்றாள் அம்மா.

அவன் வாசலிலேயே நின்று கேட்டான்: "நீங்க ரெண்டு பேரும்... பேசிப்பீங்களா?"

"நீ வெளியூர் வேலைக்குப் போயிருந்தப்ப எனக்குக் காய்ச்சல். இவதான் பாத்துக்கிட்டா. அப்புறம் எங்கேருந்து சண்டை?"

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா, நான்தான் சேத்து வெச்சேன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிப்ப. உன் உபதேசத்தை யாரு கேக்கறது?"

"கேமரா எப்படித் தெரியும் உனக்கு?"

"வாரா வாரம் சுவத்துக்குச் சொன்னியே, எனக்குக் காது இல்லையா? ஒரு கண்ணு மங்கிப்போச்சு. இதுக்கு ஒரு கண்ணு போதும். ரெண்டா தெரியறது ஒண்ணா ஆகும்போது என்னமோ ஜில்லுனு இருக்குடா."

அவன் சிரிக்கப் பார்த்தான். மனைவி சிரிக்கவில்லை. அவள் பார்வை அவன் கையிலிருந்த செருப்பில் நின்றது.

"படத்தைப் பாத்ததும் கேப்பீங்கன்னு அத்தையும் நானும் காத்துக்கிட்டு இருந்தோம். கேட்டா சொல்லிடலாம்னுதான் இருந்தோம். ஏன் கேக்கல?"

அவன் செருப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"இந்த நேரத்துல, செருப்பைக் கையில தூக்கிக்கிட்டு, யாரைப் பிடிக்க வந்தீங்க?"

அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது. "அடப்பாவி" என்று மட்டும் சொல்லி, கேமராவை அவன் கையில் திணித்துவிட்டு உள்ளே போனாள்.

"தப்புதான்" என்றான் அவன். "மாஸ்டர்னு நெனச்சேன்."

"அவர் ஊருக்குப் போய் ஒரு வாரம் ஆகுது." அவள் ஜன்னலோரத்தை விட்டு அசையவில்லை. "உங்க அம்மா என்னை எடுத்தாங்க. நீங்க ஒருநாளாவது எடுத்தீங்களா? தொட்டியை எடுத்தீங்க, கம்பியை எடுத்தீங்க. இப்ப எடுங்க."

செருப்பைக் கீழே போட்டுவிட்டுக் கேமராவைத் தூக்கினான். கட்டத்துக்குள் அவள் இரண்டாகத் தெரிந்தாள். வளையத்தைத் திருப்பினான், தாண்டிப்போனான், திரும்பி வந்தான். இரண்டு பிம்பமும் ஒன்றின்மேல் ஒன்று வந்து நிற்க, அவளுடைய கண்கள் நேராக அவனைப் பார்த்தன. அழுத்தினான்.

அடுத்த வாரம் பிரிண்ட் வந்தது. இமை மயிர்வரை கூர்மை. அம்மாவே, "தேறிட்ட" என்றாள். மனைவி படத்தை வாங்கிப் பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்லாமல் திருப்பிக் கொடுத்தாள்.

அந்தப் படத்தை அவன் கருவிப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டியிருக்கிறான். ஸ்பானரை எடுக்கத் திறக்கும்போதெல்லாம் அந்த முகத்தைப் பார்ப்பான். அதில் இருப்பது கோபமா, மன்னிப்பா, அவனை அவள் இன்னும் எடை போட்டுக்கொண்டிருக்கிறாளா, எத்தனை தடவை பார்த்தும் அவனுக்குப் பிடிபடவில்லை.