சக்கரத்துக்கு நூற்றிரண்டு

சாரதாமணி தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது ஜெகதீஸ்வரன் சமையலறை வாசலில் வந்து நின்றார். பழைய டேப் ரெக்கார்டரைக் கைக்குழந்தையைப் போல இடுப்பில் அணைத்திருந்தார்.

"சாரதா, உன்ற ஸ்டிக்கர் பொட்டு ஒண்ணு குடேன்."

"எதுக்காமா?"

"பழசு உதுந்து போச்சு."

எதற்கென்று அவளுக்குத் தெரியும். அந்த டேப் ரெக்கார்டரில் சத்தம் கூட்டிக் குறைக்கிற திருகு ஏழாம் எண்ணில் நிற்க வேண்டும். அவருடைய பழைய கம்ப்யூட்டர், கேசட்டில் பதிந்திருக்கும் கீச்சொலியைக் கேட்டுத்தான் விளையாட்டை ஏற்றிக்கொள்ளும். ஆறில் வைத்தால் அதற்குக் காது கேட்காது, எட்டில் வைத்தால் திணறிவிடும். அதற்காக ஏழுக்கு நேராக ஒரு பொட்டு ஒட்டியிருப்பார்.

"அந்தச் சக்களத்திக்கு என்ற பொட்டுதான் வேணுமாக்கும்" என்றாள். கண்ணாடியில் ஒட்டியிருந்த அட்டையை எடுக்கப் போனால் தோசை தீய்ந்துவிடும். நெற்றியில் இருந்ததையே இடது கையால் உரித்து அவருடைய ஆள்காட்டி விரலில் ஒட்டினாள். அவர் சிரித்துக்கொண்டு, விரலை மேலே தூக்கிப் பிடித்தபடியே முன்னறைக்குப் போனார்.

அன்று சாயங்காலம் ஐந்து ரோட்டுக் கடைத்தெருவுக்கு ஏதோ ஒயர் வாங்கப் போனவர், சூரமங்கலத்துக்குத் திரும்பி வரும் டவுன் பஸ்ஸில் ஜன்னலில் தலை சாய்த்தபடியே முடிந்துபோனார். தூங்குகிறார் என்று நினைத்துக் கண்டக்டர் கடைசி நிறுத்தம் வரைக்கும் எழுப்பவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் அன்று காலையிலிருந்து நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் கேட்டார்கள். என்ன சாப்பிட்டார், நெஞ்சு வலி என்றாரா, முகம் எப்படி இருந்தது. எல்லாவற்றையும் சொன்னாள். பொட்டை உரித்துக் கொடுத்ததை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

பதினோராம் நாள் கூரியர்காரன் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தான். அவர் ஆறு வாரமாகக் காத்திருந்த கம்ப்யூட்டர். எண்பதுகளில் வந்த ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டரை இப்போது அச்சு அசலாகத் திரும்பவும் செய்து விற்கிறார்களாம். "அதே ரப்பர் பொத்தான் சாரதா, அதே வானவில் கோடு" என்று அறுபத்தொன்பது வயதில் கண்கள் மின்னச் சொன்னார். தன்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு அந்தக் கண்கள் அப்படி மின்னினவா என்று அவள் யோசித்துப் பார்த்தாள். நினைவில்லை. பெட்டியைப் பிரிக்காமல் பீரோ மேல் ஏற்றி வைத்தாள். அவருடைய போனில் பழைய கம்ப்யூட்டர்க்காரர்களின் குழு ஒன்று இருந்தது. அதில் போலந்திலிருந்தும் பிரேசிலிலிருந்தும் யார் யாரோ அவருக்கு இரங்கல் எழுதியிருந்தார்கள். எல்லோரும் அவரை 'ஜெகா' என்றே அழைத்திருந்தார்கள். நாற்பத்திரண்டு வருடம் உடன் வாழ்ந்தவள் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவர்களின் கண்ணீர்ப் பொம்மைகளைப் பார்க்கப் பார்க்க, தன் வீட்டு இழவில் முன்பின் தெரியாதவர்கள் நடுக்கூடத்தில் உட்கார்ந்து அழுவதுபோல் அவளுக்கு எரிந்தது.

மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, சரியாக மூன்று மணிக்கு சௌந்திரம் வந்தாள்.

அந்தக் காலத்திலும் சனிக்கிழமை மூன்று மணிதான். ஜெகதீஸ்வரனும் சௌந்திரமும் ரயில்வே ஆபீஸில் சரக்குப் பிரிவில் அடுத்தடுத்த மேசை. அவர் சென்னையிலிருந்து ஸ்பெக்ட்ரம் வாங்கிவந்த மறு வாரமே அவள் ரயில்வே குடியிருப்பு வீட்டுக்கு வந்துவிட்டாள். இருவருமாகச் சேர்ந்து ஒரு விளையாட்டு எழுதினார்கள். சரக்கு வண்டிப் பெட்டிகளை யார்டில் தண்டவாளம் தண்டவாளமாகப் பிரித்து அனுப்பும் விளையாட்டு. கம்ப்யூட்டருக்குத் திரையாக இருந்த டிவிப் பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, அவள் நோட்டைப் பார்த்து எண்களைப் படிப்பாள், அவர் தட்டுவார். ஆறு மாதம். சாரதாமணி சமையலறையில் இருந்து அந்த எண்களைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர்களிடம் தப்பாக ஒன்றும் இல்லை. அது அவளுக்கு அன்றைக்கே தெரியும். காபி கொண்டுபோகும்போது அவர்கள் சட்டென்று பேச்சை நிறுத்தியிருந்தால், திட்டவாவது அவளுக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும். அவர்கள் நிறுத்தவில்லை. அவள் வந்ததையே பார்க்கவில்லை. காபி ஆறி ஆடை படியும்.

எண்பத்தொன்பதில், மார்ச் மாதத்தில், இருவரும் ஆபீஸ் வேலையாக ஈரோட்டுக்குப் போயிருந்த ஒரு நாளில் அவள் அதைச் செய்தாள். டேப் ரெக்கார்டருக்குள் ஒரு கேசட் இருந்தது. 'யார்டு 7 – முடிந்தது' என்று சௌந்திரத்தின் உருண்டையான கையெழுத்தில் எழுதியிருந்தது. நான்கு வயது மகள் தீபிகா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தூரத்தில் போகும் கூட்ஸ் வண்டியின் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். சாரதாமணி டேப் ரெக்கார்டரை ஜன்னலோரம் வைத்துச் சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அழுத்தினாள். "எண்ணு சாமி" என்றாள். ஒரு பக்கம் தீர்ந்ததும் திருப்பிப் போட்டு அடுத்த பக்கத்திலும் பிடித்தாள். காலி கேசட் என்று நினைத்தேன் என்று பின்னாளில் தனக்குத்தானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறாள். திருப்பிப் போட்ட கை அதை ஒப்புக்கொள்ளவில்லை.

அடுத்த சனிக்கிழமை விளையாட்டு கம்ப்யூட்டரில் ஏறவில்லை. அவர் டேப் ரெக்கார்டருக்குள் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார், திருகாணியைத் திருகினார். அவள் சமையலறையில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். ஒயர் மாட்டியிருக்கும்வரை டேப் ரெக்கார்டர் வாய் பேசாது. ஒயரைப் பிடுங்கிக் கேட்டால் குழந்தையின் குரல் வரும். அவர் பிடுங்கியதாகத் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து, "டேப்புல பூஞ்ச புடிச்சிருச்சு" என்றார். ஜூன் மாதத்தில் சௌந்திரத்துக்கு மாற்றலாயிற்று. அதற்குப் பிறகு அவர்கள் எதையும் சேர்ந்து எழுதவில்லை.

இப்போது சௌந்திரம் வாசலில் செருப்பைக் கழற்றினாள். தலை முழுக்க வெள்ளை. திருச்செங்கோட்டில் தம்பி வீட்டோடு இருக்கிறாள், கல்யாணமே செய்துகொள்ளவில்லை. நெற்றியில் கருஞ்சிவப்பில் வட்டமாக ஒரு பொட்டு. சாரதாமணியின் கண் முதலில் அதில்தான் போய் நின்றது.

"ஏனுங்க்கா, இளைச்சுப் போயிட்டீங்க" என்று சொல்லிவிட்டு, அவர் படத்துக்கு முன்னால் நின்று சௌந்திரம் அழுதாள். மறைக்காமல், மூக்கை உறிஞ்சி அழுதாள். என் வீட்டில், என் ஆளுக்கு, என்னைவிடச் சுலபமாக அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு சாரதாமணி காபி போடப் போனாள்.

திரும்பி வந்தபோது சௌந்திரம் பையிலிருந்து ஒரு லேப்டாப்பை எடுத்து வைத்திருந்தாள்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும். எங்க யார்டு கேசட் இருக்குதுங்களா? எத்தனையோ தடவ அவுருகிட்டக் கேட்டேன். பூஞ்ச, பூஞ்சன்னே சொல்லித் தட்டிக் கழிச்சுட்டாருங்க. இப்ப பூஞ்ச புடிச்ச டேப்பக்கூட இதுல ஏத்தி, சுத்தம் பண்ணி எடுத்தர்றாங்க. எடுத்தா, அவுரு சொல்லிட்டிருந்த அந்தப் புது மிசின்லயே ஓட்டிப் பாக்கலாம். அவுரு பேரு மொதல்ல வர்ற மாதிரித்தான் எழுதுனோம்."

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கேசட்டுகள் இருந்த பிஸ்கட் டப்பா கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது. ஆனால் 'அவுரு பேரு' என்று அவள் சொன்ன விதம், அந்தப் பெயரில் தனக்கும் ஒரு பங்கு இருப்பதுபோல் சொன்ன விதம், சாரதாமணியைக் குத்தியது. டப்பாவை இழுத்துவந்து அவள் முன்னால் வைத்தாள். எடுத்துப் பார், உன் ஆறு மாதத்தை.

சௌந்திரம் கேசட்டைக் கண்டுபிடித்துத் தன் எழுத்தைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு அதன் மேல் விளிம்பைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இதென்ன, ரெண்டு காதும் ஒடைஞ்சிருக்குது?"

"என்ன காது?"

"இங்க பாருங்க. ரெண்டு மூலையிலயும் குட்டியா பிளாஸ்டிக் இருக்கும். அத ஒடைச்சுட்டா அப்பறம் சிவப்புப் பொத்தான் அமுங்காதுங்க. மேல வேற எதையும் பதிய முடியாது. அழியக் கூடாதுன்னு நெனைக்கறதத்தான் ஒடைப்பாங்க." சௌந்திரம் விரலால் அந்தப் பள்ளங்களைத் தடவினாள். "நாங்க ஒடைக்கலையே. கடைசியா ஒருக்கா ஓட்டிப் பாத்துட்டு ஒடைக்கலாம்னு இருந்தோம்."

சாரதாமணிக்குக் காபி டம்ளர் கையில் சுட்டது. கீழே வைக்கவும் தோன்றவில்லை. அன்றைக்குச் சிவப்புப் பொத்தான் அவளுக்கு அமுங்கியது. இரண்டு பக்கமும் அமுங்கியது. அப்படியென்றால் உடைத்தது அதற்குப் பிறகு. அவர் ஒயரைப் பிடுங்கிக் கேட்டிருக்கிறார். மகளின் குரலைக் கேட்டிருக்கிறார், "எண்ணு சாமி" என்று சொன்னது யார் என்பதையும் கேட்டிருக்கிறார். அதன் பிறகு ஒரு பேனாக் கத்தியோ எதையோ எடுத்து இரண்டு காதுகளையும் உடைத்துவிட்டு, சௌந்திரத்திடம் பூஞ்சை என்று சொல்லியிருக்கிறார். முப்பத்தாறு வருடம்.

சௌந்திரம் கேசட்டை டேப் ரெக்கார்டரில் போட்டு லேப்டாப்போடு இணைத்தாள். சத்தத்தைச் சரிசெய்யத் திருகின்மேல் கை வைத்தாள்.

"அதத் திருப்பாத" என்றாள் சாரதாமணி. குரல் அவளுக்கே கடுமையாக ஒலித்தது. "அது இருக்க வேண்டிய எடத்துலதான் இருக்குது."

சௌந்திரம் கையை எடுத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். லேப்டாப்பிலிருந்து அந்தக் கீச்சொலி வரவில்லை. தூரத்தில் தண்டவாளத்தின் தடதடப்பு. அதன்மேல் ஒரு குழந்தையின் குரல்: பத்து, பதினொண்ணு, பன்னெண்டு, பதினாலு. நடுவே ஓர் இளம்பெண்ணின் குரல், "எண்ணு சாமி, எண்ணு, நிறுத்தாத." அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டுச் சாரதாமணி தலையைக் குனிந்துகொண்டாள்.

வண்டி போய் முடியும்வரை சௌந்திரம் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"பதிமூணு வரவே இல்ல" என்றாள் சௌந்திரம்.

"அவளுக்கு ஸ்கூல் போற வரைக்கும் வல்ல."

"இது நீங்க எடுத்ததுங்களா?"

"நாந்தான்."

"தெரியாம..."

"லேபிளப் படிச்சுட்டுத்தான் எடுத்தேன். திருப்பிப் போட்டும் எடுத்தேன்."

சௌந்திரம் டேப்பை நிறுத்தினாள். சேலைத் தலைப்பை எடுத்து லேப்டாப்பின் மேலிருந்த இல்லாத தூசியைத் துடைத்தாள். "ஆறு மாசங்க்கா" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "அதுக்கு மொத வாரம் ஓட்டிப் பாத்தப்ப, அவுரு கை தட்டுனாருங்க. சின்னப் பையனாட்ட." பிறகு, "எங்கிட்டப் பொய்யி சொல்லிப்போட்டாரு பாருங்க" என்றாள்.

தனக்காகச் சொன்ன பொய் என்று சாரதாமணிக்குள் ஏதோ ஒன்று எழுந்து நிமிர்ந்தது. மறுகணமே அது துவண்டது. அந்தப் பொய்யைச் சுமக்கும் அளவுக்கு அவர் சௌந்திரத்தை மதித்தார். பழியைச் சொல்லிச் சண்டை போடும் அளவுக்குக்கூடத் தன்னிடம் பேசவில்லை. இரண்டில் எது பெரிது என்று அவளால் அளக்க முடியவில்லை.

சௌந்திரம் எழுந்து போய்விடுவாள் என்று சாரதாமணி நினைத்தாள். சௌந்திரமோ பீரோ மேலிருந்த பெட்டியைப் பார்த்தாள். "பிரிக்கட்டுங்களா?" என்றாள். பிரித்து டிவியில் மாட்டினாள். ரப்பர் பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். தரையில் உட்கார முடியாமல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நோட்டும் போச்சு. எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல. ஒரு கூட்ஸ் பெட்டி வரையறதுக்கு எட்டு நம்பரு. அதாச்சும் வருதான்னு பாக்கறேன். மொதல்ல சைபரு. அப்பறம்..." விரல் பொத்தானுக்கு மேல் நின்றது.

"நூத்தி இருவத்தொம்பது" என்றாள் சாரதாமணி.

சௌந்திரம் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பறம் எரநூத்தி அம்பத்தஞ்சு. நாலு தடவ."

சௌந்திரம் தட்டினாள். "சக்கரத்துக்கு அறுவத்தாறு, அறுவத்தாறு. இது எனக்கே தெரியுமுங்க."

"இல்ல. மொதல்ல அறுவத்தாறு. சக்கரம் பொடுசா இருக்குதுன்னு நீதான் ஒரு நா முழுக்கச் சண்ட போட்ட. அப்பறம் நூத்திரெண்டு போட்டீங்க. அன்னிக்கு ரெண்டு பேரும் காபியே குடிக்கல."

சௌந்திரம் பொத்தான்களின்மேல் குனிந்தாள். பிறகு நூற்றிரண்டை இரண்டு முறை தட்டினாள்.

பெரிய டிவித் திரையின் வெள்ளையில், இடது மேல் மூலையில், அரிசி அளவில் ஒரு கறுப்புச் சரக்குப் பெட்டி வந்து நின்றது. அதற்குத் தண்டவாளம் இல்லை, முன்னாலும் பின்னாலும் வேறு பெட்டி இல்லை. இரண்டு கிழவிகளும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அதைப் பார்த்தார்கள். இன்னும் எவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்று சௌந்திரம் கேட்கவில்லை. சாரதாமணியும் சொல்லவில்லை.

டிவிக்குக் கீழே டேப் ரெக்கார்டர் இருந்தது. பொட்டு ஏழுக்கு நேராக ஒட்டியிருந்தது.